அம்மா சைக்கிள் கற்ற மழைக்காலம்

போன ஞாயிற்றுக்கிழமை பஜனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நம்மில் ஒருவர் சொன்னார்: "நம்ம காலத்துல மனசு சரியில்லன்னு யாரு படுத்தாங்க? எல்லாம் இப்ப உள்ள புள்ளைங்கதான்." எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். நகாசியில் என் வீட்டுக்குத் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. நம் காலத்திலும் படுத்தார்கள். எங்கள் வீட்டில் என் அப்பா படுத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

உங்களில் இந்த ஃபிஜியில் நவுசோரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சர்க்கரை மில்லின் சங்கு ஞாபகமிருக்கும். அது ஊதித்தான் நாம் எழுந்தோம், அது ஊதித்தான் அடுப்பு மூட்டினார்கள். அப்பா அந்த மில்லில் ஃபிட்டருக்கு உதவியாளாக இருந்தார். வேலை முடிந்து வந்தால் கூடவே பாகு வாசனையும் வரும். வெல்லம் அடிப்பிடித்தது போல ஒரு வாசனை. ஆணியில் மாட்டிய அவர் சட்டையைத் தேடி எறும்பு சாரை சாரையாகச் சுவரேறும். அம்மா திட்டிக்கொண்டே சட்டையை உதறுவாள். எறும்பு ஏறும் அப்பா என் அப்பா மட்டும்தான் என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமை பேசியிருக்கிறேன்.

அந்த வருடம் கரும்பு அரைவை முடிந்ததும் மில்லை மூடிவிட்டார்கள். மூடப்போவது பல மாதங்களாகத் தெரிந்த சேதிதான். அப்பாவும் தெரிந்தவர் போலத்தான் நடந்துகொண்டார். முதல் இரண்டு வாரம் கூரைத் தகரத்தை மாற்றினார். கோழிக்கூண்டுக்குப் புதுக்கதவு போட்டார். கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விட்டார். செய்ய ஒன்றும் மிச்சமில்லாத ஒரு நாள் மத்தியானம் கட்டிலில் போய்ப் படுத்தார். மழையும் பிடித்துக்கொண்டது. மழை நின்றும் அப்பா எழுந்திருக்கவில்லை.

"அப்பாவுக்குக் காய்ச்சல், சத்தம் போடாதீங்க" என்று என்னிடமும் தம்பியிடமும் சொன்னார்கள். தம்பிக்கு நாலு வயது. அவன் பூனை மாதிரி நடக்கப் பழகிக்கொண்டான். நாங்கள் இருவரும் மற்ற பிள்ளைகளைப் போல எங்களுக்குள் ஹிந்தியில்தான் பேசுவோம், அதையும் குசுகுசுவென்று பேசினோம். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, எலுமிச்சம்புல் போட்டு அம்மா கொதிக்க வைத்த தேநீரை அப்பாவுக்குக் கொண்டுபோனேன். அவர் தகரச்சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்க நெற்றியில் கை வைத்தேன். நெற்றி சில்லென்று இருந்தது.

காய்ச்சல் என்றால் சுட வேண்டும். சுடவில்லை என்றால் அப்பா செத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். பெரியவர்கள் நல்லதுக்குத்தான் பொய் சொன்னார்கள். அந்தப் பொய் என்னை எவ்வளவு பயமுறுத்தியது என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.

இன்னொன்றும் இருந்தது. மில்லில் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று கொடுத்திருந்தார்கள், ஞாபகமிருக்கிறதா? அப்பாவுடையது மில் மூடிய பிறகும் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கியது. நான் அதை எடுத்துப்போய் ஆற்றங்கரையில் கடை வைத்து விளையாடினேன். கை நழுவிச் சேற்றுத் தண்ணீரில் போய்விட்டது. அப்பா படுத்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. என்னால்தான் படுத்தார் என்று நினைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் என்று நினைத்தேன்.

அப்பாவைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பெரியப்பா வந்தார். "ஆம்பளை இப்பிடிப் படுத்துக்கினா வூடு இன்னாத்துக்கு ஆவும்? எழுந்து ட்ரெகேட்டிக்குப் போ. அங்க நெல்லு போட நெலம் கெடைக்குதாம்" என்றார். பூசாரி கையில் மஞ்சள் கயிறு கட்டினார். நம் தென்னிந்தியச் சங்கத்துப் பெரியவர்கள் மூன்று பேர் ஒரு சனிக்கிழமை வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து நிறைய பேசினார்கள். அப்பா சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு பெஞ்சு தூக்கிப் போடுகிறவர். அதனால் அவர்களுக்கு அவர் மேல் நிஜமாகவே பிரியம். "நம்பிக்கைய வுட்றாதப்பா, தைரியமா இரு" என்று மூவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அப்பா எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார். அவர்கள் குடையை விரித்து வாசல் தாண்டியதும் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நம்பிக்கை என்பது அலமாரியில் எங்கேயோ இருக்கும் சாமான் போலவும், அப்பாதான் சோம்பலால் எடுக்காமல் இருப்பது போலவும் எல்லோரும் பேசினார்கள். உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

அம்மா கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. வீட்டுக்குப் பின்னால் அவள் போட்டிருந்த கத்தரியும் பயற்றங்காயும் பேலேக்கீரையும் அந்த மழைக்கு வெறி பிடித்தது போல் வளர்ந்தன. சந்தைக்குக் கொண்டுபோய் விற்றால்தான் அடுப்பெரியும் என்ற நிலைமை. பஸ் நிற்கும் இடத்துக்குக் கூடையோடு நடந்தால் இடுப்பு ஒடிந்துவிடும். ஒரு நாள் சாயங்காலம் அம்மா, சுவரில் சாய்த்திருந்த அப்பாவின் சைக்கிளைத் துடைத்தாள். அப்பாவின் பழைய மில் கால்சட்டையைப் பாவாடைக்கு உள்ளே போட்டுக்கொண்டாள். பாவாடையைத் தூக்கிச் செருகி, மேலே போடும் ஓர்னியை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். கட்டிலுக்கு எதிரே வந்து நின்று, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்:

"நான் சைக்கிள் கத்துக்கப் போறேன்."

அப்பா திரும்பவில்லை.

கரும்பு வண்டி ஓடிய தண்டவாளத்தின் ஓரமாக ஒரு பாதை உண்டு. வண்டி நின்று போனதால் தண்டவாளத்தில் புல் முளைத்திருந்தது. அங்கேதான் அம்மா போனாள். பின்னால் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு நான். ஆண்கள் சைக்கிள், நடுவில் கம்பி. முதலில் கம்பிக்கு அடியில் காலைவிட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பார்த்தாள். மூன்று முழம் போவதற்குள் சாக்கடைப் பள்ளத்தில் விழுந்தாள். எழுந்து மறுபடி. மறுபடி பள்ளம். முட்டியில் ரத்தம். ஃபிஜியன் பிள்ளைகள் ஐந்தாறு பேர் "பூலா, பூலா!" என்று அவர்கள் மொழியில் வணக்கம் சொல்லிக் கத்திக்கொண்டு கூடவே ஓடினார்கள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. அப்பா சாகக் கிடக்கிறார், அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து அழுதேன்.

மூன்றாம் நாள் தண்டவாளத்தின் மேலேயே விழுந்து ஹேண்டில் பார் கோணிக்கொண்டது. கடைத்தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் மாமாவிடம் உருட்டிக்கொண்டு போனோம். அவருடைய முன்னோரும் நம் முன்னோரோடு இந்தியாவிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள் என்று சொல்வார். வீட்டில் தமிழ்தான். முன்சக்கரத்தை முட்டிக்குள் இடுக்கி ஹேண்டிலை நிமிர்த்தினார். பிறகு தானே சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் வீடுவரை வந்தார். கட்டிலருகே போய், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, அண்ணி இன்னிக்கு லைன் மேல வுழுந்துட்டாங்க. சைக்கிளுக்கு ஒண்ணுமில்ல, நிமுத்திட்டேன். ஆளை நிமுத்துற சாமான் என் கடையில இல்ல."

பாய் மாமா மடியிலிருந்த தொப்பியின் தூசியைத் தட்டினார்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு மறுபடி போறாங்களாம். சீட்டைப் புடிக்க ஒரு ஆள் இருந்தா தேவல. நான் வருவேன், ஆனா அது கடை நேரம். அதான் உங்ககிட்ட கேக்கறேன்."

அவ்வளவுதான். புத்தி சொல்லவில்லை. தேநீர் குடித்தார், தம்பிக்குத் தன் தொப்பியை மாட்டிவிட்டுச் சிரித்தார், போய்விட்டார்.

மறுநாள் அம்மா கால்சட்டையை மாட்டும்போது அப்பா எழுந்து உட்கார்ந்தார். தாடி நரைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. செருப்பில்லாமல் எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தார். வெளிச்சம் கண்ணைக் கூச, கையை நெற்றியில் வைத்துக்கொண்டே வந்தார். பாதை வந்ததும் ஒன்றும் பேசாமல் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்தார். அம்மா ஏறினாள். பத்து அடி, இருபது அடி போனாள். பத்து நிமிடத்தில் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"போதும். வூட்டுக்குப் போலாம்" என்றார்.

"சரி" என்றாள் அம்மா.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை. அம்மா தனியாகப் போய்த் தனியாக விழுந்தாள். அதற்கு அடுத்த நாள் வந்தார். பிறகு இரண்டு நாள் இல்லை. அம்மா ஒரு நாள்கூடக் கூப்பிடவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. "அஞ்சு மணிக்குப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். வந்தால் வந்தார்.

விஷயம் பெரியப்பாவின் காதுக்குப் போனது. நேரே பாதைக்கே வந்து நின்றார். "கால்சட்டை போட்டுக்கினு பொம்பளை சைக்கிள் ஓட்டறதா? ஊரே சிரிக்குது. ஏண்டா, நீயும் புடிச்சிக்கினு நிக்கற?"

அம்மா தலை குனிந்தாள். அப்பாதான் பேசினார். பல வாரங்களில் அவர் பேசிய முதல் நீளமான பேச்சு அது. "வுழுந்துடுவா, அண்ணே. கொஞ்சம் நகந்து நில்லுங்க. அவளுக்குத் திருப்பத் தெரியாது."

அது உண்மை. பெரியப்பா நகர்ந்தார். அம்மா அவரை உரசிக்கொண்டு போய் வேலியில் முட்டினாள்.

அன்று திரும்பும்போது அப்பா தண்டவாளத்தில் உட்கார்ந்து இளைப்பாறினார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இனி அடக்க முடியாது என்று தோன்றி, வில்லையை நான்தான் ஆற்றில் போட்டேன் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

"எந்த வில்லை?"

"உங்க நம்பர்... மில் நம்பர்."

அப்பா என்னையே பார்த்தார். "அதுக்குத்தான் நான் படுத்தேன்னு நெனச்சியா?"

தலையாட்டினேன். அவர் என் தலையைத் தன் விலாவோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அவர் சட்டையில் பாகு வாசனை இல்லை, வியர்வை வாசனைதான். "அதுக்கில்ல கண்ணு. எதுக்குன்னு எனக்கே தெரியல. காலைல எழுந்துக்கணும்னு நெனச்சா நெஞ்சு மேல மூட்டை வெச்சாப்புல இருக்குது. நீ ஒண்ணும் பண்ணல." பிறகு சிரித்தார். "இன்னேரம் அந்த நம்பரு எந்த மீனு வயித்துல இருக்குதோ. அது வேலைக்குப் போவட்டும், வுடு."

அன்று ராத்திரி நான் எத்தனை சப்பாத்தி சாப்பிட்டேன் என்று எண்ணவே முடியாது.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை அம்மா சந்தைக்கு முதல் சவாரி போனாள். முன்னால் கீரைக்கட்டு, பின்னால் கத்தரிக்காய்க் கூடை. அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு பாலம்வரை ஓடினார். பாலத்தில் மூச்சு முட்டி, கையை எடுத்துவிட்டார். அம்மா போய்க்கொண்டே இருந்தாள். கீழே ரேவா ஆறு சேறாகப் பெருகி ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ, எறங்கறதுக்குச் சொல்லிக் குடுக்கலியே! ஓடு கண்ணு, ஓடு!"

நான் ஓடினேன். அதுவரை அம்மா சைக்கிளிலிருந்து இறங்கியதெல்லாம் ஒன்று விழுந்து, இல்லாவிட்டால் அப்பா பிடித்து நிறுத்தி. நான் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா சந்தைக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்து இரண்டு சுற்று. முகம் வெளுத்திருந்தது, ஆனால் கீரைக்கட்டு ஒன்றுகூட விழவில்லை. தாலோக் கிழங்கு விற்பவர்கள், மீன்காரர்கள், பஸ் டிரைவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஆற்றுச் சிப்பி விற்கும் ஃபிஜியன் அம்மா ஒருத்தி, நல்ல ஆகிருதி, பாயிலிருந்து எழுந்து வழியில் வந்து நின்றாள். இரண்டு கையையும் விரித்து, "ருக்கோ, பைனி, ருக்கோ!" என்று, தங்கையிடம் சொல்வது போல ஹிந்தியில் நிற்கச் சொல்லிக் கத்தினாள். அம்மா நேரே அவள் மேல் போய் மோதினாள். அவள் அசையவில்லை. சைக்கிளையும் அம்மாவையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இசா!" என்றாள். அவர்கள் இரக்கப்படும்போது சொல்லும் சொல் அது. பிறகு அம்மாவைக் கீழே இறக்கி, தன் பாயில் சிப்பிக் குவியலைத் தள்ளி இடம் கொடுத்தாள். அன்று முதல் அம்மாவின் இடம் அதுதான்.

அப்பா வந்து சேர்ந்தபோது கத்தரிக்காய் பாதி விற்றிருந்தது. சிப்பிக்காரி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அடுத்த சந்தைக்கு இவளை இறக்க நீ வா, என் இடுப்பு தாங்காது" என்றாள். சுற்றிலும் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார்.

அதன் பிறகு சந்தை நாளில் அப்பா விடியலிலேயே எழுந்துவிடுவார். அம்மாவுக்கு முன்னால் நடந்து போய், சந்தை வாசலில் நின்று, சைக்கிளைப் பிடித்து நிறுத்த வேண்டும். அது அவர் உத்தியோகமாகிவிட்டது. எழுந்ததால் சவரம் செய்தார். சவரம் செய்ததால் பாய் மாமா கடைக்குப் போனார். மில்லில் பெரிய இயந்திரங்களைக் கழற்றி மாட்டிய கை, அங்கே ஸ்டவ்வையும் பம்பையும் சைக்கிளையும் கழற்றி மாட்டியது. இரண்டு வருடம் கழித்து நெல் அரைக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. அம்மா இறங்கவும் கற்றுக்கொண்டாள். பெரியப்பா தன் மருமகளுக்கே ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தது வேறு கதை.

மழைக்காலம் வந்தால் சில வருடங்களில் அப்பா மறுபடியும் மூன்று நாள், நாலு நாள் சுவர்ப் பக்கம் திரும்புவார். ஆனால் யாரும் அதற்குப் பிறகு காய்ச்சல் என்று சொல்லவில்லை. அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பயறு உரிப்பாள். நாங்கள் வழக்கம்போல் சத்தம் போடுவோம். ஐந்தாம் நாள் எழுந்து வருவார்.

அப்பா போன பிறகு அம்மா என்னோடு வந்து இருந்தாள். ஒரு நாள் மத்தியானம் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். நான் வெகுநாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன்: "எவ்ளோ கெட்டிக்காரி நீ. அப்பாவை எழுப்பறதுக்குன்னே சைக்கிள் கத்துக்கற மாதிரி திட்டம் போட்டியேம்மா."

அம்மா சிரித்தாள். "திட்டமா? யாரு சொன்னது?"

"பின்ன?"

"உங்கப்பா படுத்தப்போ, நானும் பக்கத்துல படுத்துடலாம்னுதான் இருந்துச்சி. வந்தவங்க எல்லாம் அவர் கட்டிலாண்ட ஒக்காந்து பேசிட்டுப் போனாங்க. நான் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டேன். ஒரு நாள் துணி தொவைக்கப் போயி ஆத்தாண்ட ரொம்ப நேரம் நின்னுட்டேன். ரொம்ப நேரம். அப்பால ஒங்க ரெண்டு பேருக்கும் பசிக்குமேன்னு வந்துட்டேன். வந்து பார்த்தா அந்த சைக்கிள் நிக்குது. நாளைக்குன்னு ஏதாச்சும் ஒண்ணு வேணும்னு தோணுச்சி. இன்னிக்குப் பத்தடி போனா நாளைக்குப் பன்னெண்டு அடி போலாம் பாரு. அவ்ளோதான். அவரு வந்து சீட்டைப் புடிப்பார்னு நான் நெனக்கவேயில்ல. புடிச்சதும், எனக்குத்தான் அழுகை வந்துச்சி. முன்னால பார்த்துக்கினு இருந்தேனா, யாருக்கும் தெரியல."

அந்த மழைக்காலம் முழுக்க அம்மாவுக்குப் பின்னாலேயே நடந்தவள் நான். அவள் முதுகை மட்டுமே பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் அப்பாவைக் கேட்கவில்லை என்று இவ்வளவு வருடம் குறைபட்டுக்கொண்டேன். அம்மாவை நானே கேட்டதில்லை.

"அப்போ எப்பிடிம்மா இருந்துச்சி உனக்கு?" என்றேன்.

அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "யாராச்சும் ஒருநாள் கேப்பாங்கன்னு இருந்தேன்" என்றாள். "பரவால்ல, நீ கேட்டுட்ட." பிறகு காலை நன்றாக நீட்டிக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.